அக்காவின் கேரவனும் அப்பா பிடித்திருந்த குழாயும்

கூப்பிட்டால் "என்னடா இப்ப?" என்று எரிந்து விழுந்துகொண்டே ஓடிவரும் என் அக்காவுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். எனக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கொல்லைக்குப் போகிறேன், வாசலுக்கு வருகிறேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் மறுபடி கொல்லைக்கே போகிறேன். "மாமா, செத்த உக்காருங்களேன்" என்று என் மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன்.

காரணம் தமிழரசிதான். பூதலூரில் டீச்சராக இருக்கிறாளே, அவள் உன் காரியத்துக்கு வந்திருந்தாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், நான் பொறந்த அன்னிக்கு எங்கப்பா எங்க இருந்தாரு? அவரும் சொல்லல, அம்மாவும் கடைசி வரைக்கும் சொல்லல. உங்க அக்கா, டாக்டரம்மாவும் சிரிச்சே மழுப்பிட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"அப்புறம் சொல்றேம்மா" என்றேன். பஸ்ஸும் வந்துவிட்டது. அன்று ஆரம்பித்தது இந்த நடை.

உனக்கு அந்த கேரவன் நினைவிருக்குமே. கோடியக்கரைக்குப் பறவை பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி, புருஷன் காய்ச்சலில் விழுந்து நீ பிழைக்க வைத்த பிறகு, விமானத்தில் ஊர் போகிறோம் என்று வண்டியையும் அதை இழுக்கும் ஜீப்பையும் உன்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள். நீ பெரிய ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு ஊரோடு வந்திருந்த சமயம். சக்கரம் வைத்த வீடு கிடைத்ததும் உனக்குக் கால் நிற்கவில்லை. தெருத் தெருவாக, முக்கியமாக அப்பா போகக் கூடாது என்று சொன்ன தெருக்களாகப் பார்த்துப் போனாய். டிப்ளமா முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிய நான் உனக்கு டிரைவர்.

அதில் இருந்த ஹீட்டரைப் பார்த்துச் சிரித்தவன் நான். "அக்கா, இந்த ஊர்ல யாருக்குக்கா ஹீட்டர்? கழட்டிப் போட்டுட்டு மருந்து அலமாரி வைப்போம்."

நீ சிரிக்கவில்லை. முந்தின வாரம்தான் ஒழுகுகிற கூரைக்கடியில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பிள்ளை, குளிர்ந்து குளிர்ந்தே உன் மடியில் போயிருந்தது. "கழட்டாத. கொழந்தைக்கு ஏத்த மாதிரி மாத்து" என்றாய்.

சொல்லிவிட்டாய். அது குளிர் நாட்டுக்காகச் செய்த கருவி. சீட்டுக்கு அடியில் காஸ் எரியும், புகை தனிக் குழாயில் வெளியே போய்விடும், சூடேறிய தகட்டின் மேல் படுகிற காற்றை ஒரு சின்ன விசிறி வண்டி முழுக்க ஊதும். நம் ஊரில் அது பற்றவே மாட்டேன் என்றது. சூட்டைப் பார்த்து ஹீட்டரை எரியவிடும் தெர்மோஸ்டாட் கதவோரம் இருந்தது; அது நம்முடைய அடைமழையையே போதுமான வெயில் என்று நினைத்துக்கொண்டது. அதன் திருகு ஓரிடத்துக்கு மேல் திரும்பாது. அந்தத் தடையை அரத்தால் ராவினேன். சூட்டை அறியும் செம்புக் குமிழைக் கதவோரத்திலிருந்து பிடுங்கி, நீ தொட்டிலாக்கிய அலமாரி இழுப்பறைக்குள் பொருத்தினேன். மற்ற துவாரங்களையெல்லாம் அடைத்து ஒரே ஒரு குழாயை அங்கே கொண்டுபோனேன். காற்று புயலாக அடித்தது.

"என்னடா, புள்ளைய கருவாடு போடப் போறியா?"

ஜீப்பின் பழைய முன்விளக்கை விசிறிக்குப் போகும் கம்பியின் நடுவே கோத்தேன். விளக்கு மங்கலாக எரிந்தது, விசிறி அடங்கிச் சுற்றியது. புகை உள்ளே கசிகிறதா என்று பார்க்க, கதவையெல்லாம் சாத்திக்கொண்டு நீயே உள்ளே உட்கார்ந்தாய். நான் வெளியே சுற்றிச் சுற்றி வந்து கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். வேர்த்து ஊற்ற வெளியே வந்து, "தெர்மாமீட்டர் நான் சொன்ன எடத்துலயே நிக்குதுடா" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிறைவை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அது ஐப்பசி. குறுவை முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. உழுதவனுக்கே நிலம் என்று மேடையில் முழங்கியவர்கள் கோட்டையில் இருந்தார்கள். நம் வீட்டிலோ, உச்சவரம்புக்குத் தப்பிக்க அப்பா நிலத்தைப் பிரித்துப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தார். உன் பங்குக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நீ சொன்னதிலிருந்து அவர் உன்னோடு பேசுவதில்லை. கூலி கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுப்பை நிறுத்தினார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். களத்தில் அடிதடி. சங்கத்துத் தலைவர் தங்கராசுவை ஒரு பக்கம் போலீஸும் ஒரு பக்கம் அப்பாவின் ஆட்களும் தேடிக்கொண்டிருந்தபோதுதான், அவர் மனைவி அஞ்சலைக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டது.

கேரவனுக்குள்தான் பிறந்தாள் தமிழரசி. அழுகைகூட இல்லை, ஒரு முனகல். "தஞ்சாவூர் கொண்டு போகணும். ஹீட்டர் எரியட்டும், நீ வண்டிய எடு" என்றாய்.

"ஓடுற வண்டியில நெருப்பாக்கா? கவுந்தா என்ன ஆவும்?"

"நின்னா இது செத்துரும். எடுடா!"

எடுத்தேன். குழிகளில் ஜீப் குதிக்கும்போதெல்லாம் பின்னால் என்ன ஆயிற்றோ என்று முதுகு கூசியது. கோரையாற்றுப் பாலத்தில் மாட்டுவண்டிகளைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். குடை பிடித்துக்கொண்டு முன்னால் நின்றது அப்பா.

"தங்கராசு உள்ள இருக்கான்னு சொல்றாங்க. கதவத் தொற."

"இல்லப்பா. பச்சப் புள்ளையும் தாயும்தான். சத்தியமா." நான் அறிந்த உண்மை அதுதான்.

அவரே போய்க் கதவை இழுத்தார். "அப்பா, சூடு போவுது, கதவ சாத்துங்க!" என்று நீ போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவர் உள்ளே ஏறினார். கதவு சாத்திக்கொண்டது. மழைச் சத்தம் மட்டும். பிறகு உள்ளிருந்து அவர் குரல்: "எம் பொண்ணும் புள்ள பெத்தவளும்தான்டா இருக்காங்க! வண்டிய ஒதுக்கி வழிய விடுங்க!"

அவர் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று கேட்க எனக்குத் தைரியமில்லை, ஓட்டினேன். நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது. ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த ரயிலுக்கும் அவ்வளவு பெட்டிகள் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நான் கதவைத் திறந்ததும், குழந்தையை அணைத்துக்கொண்டு நீ குதித்து ஓடினாய். உள்ளே அப்பா, இழுப்பறையில் செருகியிருந்த குழாயை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே இருந்தார். வழியில் அது கழன்றுவிட்டிருந்தது. உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. மெல்ல எழுந்து, தான் அதுவரை உட்கார்ந்திருந்த, ஹீட்டருக்கு எதிர்ப்பக்கச் சீட்டுப் பெட்டியின் மூடியைத் தூக்கினார்.

"வெளிய வா. மூச்சு இருக்கா?"

தங்கராசு எழுந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளை போன திசையில் நடந்தார்.

வலி கேட்டு வந்தவரை எனக்குத் தெரியாமல் நீதான் பெட்டிக்குள் ஒளித்துவைத்தாய் என்றும், மூடிக்கு வெளியே அந்தத் துண்டின் சிவப்பு ஓரம் தெரிந்துகொண்டிருந்தது என்றும், அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் அதன்மேல் உட்கார்ந்தார் என்றும் நீ பிறகு சொன்னாய். "அப்பா இருக்கற வரைக்கும் வெளிய விடாத. மிராசுதார் கூட்டமே அவர ஒதுக்கி வச்சிரும்" என்றாய். அப்பா போனார். பிறகும் உனக்குச் சொல்ல வரவில்லை, ஏன்? தங்கராசுவுக்காகவா? மறைந்து வந்தார் என்று அவருடைய தோழர்கள் பேசுவார்களே என்றா?

பிள்ளை தேறியதும் தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை. மேஜைக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் தங்கராசு. இரண்டு பேரும் அன்று போட்ட சண்டையை ஊரே பேசியது. ஒரு படி நெல்லுக்குக்கூட ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. உன் பங்கு நிலத்துக்காக அப்பா உன்னோடு கடைசி வரை மல்லுக்கட்டினார். ஆனால் அந்த வண்டியை அதற்குப் பிறகு எந்தப் பாலத்திலும் யாரும் நிறுத்தவில்லை.

ஏன் அப்படிச் செய்தார், அக்கா? உனக்காகவா, பிள்ளைக்காகவா, தன் கையால் ஒருவனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையா? அவர் படுக்கையில் கிடந்தபோது ஒருதரம் கேட்டுவிட்டேன். "கொழா கழண்டு போச்சு. யாராச்சும் புடிக்கணும்ல" என்றார். நான் கேட்டது பெட்டியைப் பற்றி. அவர் சொன்னது குழாயைப் பற்றி. திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது அப்பா, தங்கராசு, அஞ்சலை மூவரும் இல்லை, நீயும் இல்லை. இதை அறிந்தவன் நான் ஒருவன். எனக்கும் வயதாகிவிட்டது, அக்கா. இதை வைத்துக்கொண்டு உட்காரவே முடியவில்லை.

விடிந்ததும் முதல் ரயிலில் பூதலூர் போகிறேன். அவளுடைய அப்பா அவள் பிறந்த அன்று அவளுக்கு எட்டுகிற தூரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார் என்று சொல்வேன். நம் அப்பாவை உள்ளதற்கு மேல் நல்லவராக்க மாட்டேன், தங்கராசுவைப் பயந்து ஒளிந்தவராக்கவும் மாட்டேன். அவள் கேட்கிற வரைக்கும் சொல்லி, அழுதால் அழுது முடிகிற வரைக்கும் கூட இருந்துவிட்டுத்தான் திரும்புவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னோடு பிறந்து, உனக்கு வண்டி ஓட்டிய தம்பி,
சேகர்