சாயத்தலைக்காரிக்குத் துணை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் வணக்கத்தோடு எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் சுகமாக இருக்கிறேன்.

யாராவது கேட்டால், பெண் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லித் தருகிறேன் என்றே சொல்லுங்கள். பொய்யில்லை. பந்தோடு சேர்த்து பால்வினை நோய்களைப் பற்றியும் சொல்லித் தருகிறேன், அவ்வளவுதான்.

வீட்டை விட்டு வந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகள் இவர்கள். போன வாரம் ஆட்டத்துக்கு முன் ஒருத்தி காதில் மட்டும், "உனக்குத் தொற்று இருக்குன்னு வெச்சுக்கோ" என்றேன். அவளிடம் பாஸ் வாங்கியவர்களுக்கும் தொற்று என்பது கணக்கு. ஆட்டம் முடிந்ததும், "முதல்ல யாருக்கு இருந்துச்சு, சொல்லுங்க" என்றேன். எல்லோரும் தலைக்குச் சிவப்புச் சாயம் பூசிய வாயாடியைக் கைகாட்டினார்கள். அவள் கோபத்தில் பந்தைச் சுவருக்கு அப்பால் உதைத்துவிட்டாள். நான் சொல்லிவைத்ததோ, அதிர்ந்து பேசாத கேப்டனிடம்!

"பார்த்தா தெரியாது. டெஸ்ட் எடுத்தாதான் தெரியும்" என்றேன்.

பந்தைத் தேடி எடுத்து வந்த சாயத்தலைக்காரி, "நானும் டெஸ்ட் எடுக்கணும். கூட வர்றீங்களா?" என்றாள். போனேன். நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவள், "எங்க அக்கா" என்றாள். ரிசல்ட்டை உங்களிடம்கூடச் சொல்ல மாட்டேன், அது அவளுடையது.

பார்சல் அனுப்பினால் தடித்த சாக்ஸும் அம்மாவின் பழைய போர்வையும் வையுங்கள். புதுசு வேண்டாம்.

பிள்ளைகள் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள், ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்களே போன் பண்ணுங்கள். அக்கா என்று கூப்பிட இங்கே ஒரு டீமே இருக்கிறது. பாப்பா என்று கூப்பிடத்தான் ஆளில்லை.