கப்பல் ஏற்க மறுத்த ‘ஐ’

நாள் 212, 07:10
செவ்வாய், வடநிலையம். வெளி வெப்பம் மைனஸ் 81. குடிநீர் 19 லிட்டர். துளைப்பான் 34 மீட்டரில். இருவர் இருக்கிறோம்: துளைப்பாளர் ஜெபமணி அண்ணாச்சி, வானொலி பார்க்கும் செம்மலராகிய நான். தண்ணீர்க் கப்பல் ஒன்பது நாளில் இங்கே இறங்கும்.

கப்பலில் ஆளில்லை. நாங்கள் தண்ணீர் கண்டுவிட்டால் அது தென்நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்கான குரல்குறி ‘ஐ’. தேர்ந்தெடுத்தவள் நான்தான். பழந்தமிழில் அதற்கு வியப்பு, அழகு என்று பொருள். இன்று மிட்டாயைக் கண்ட குழந்தையின் வாயில் இருக்கிறது. யோசித்துச் சொல்ல முடியாத சொல். எனவே குரலில் மகிழ்ச்சி இல்லாவிட்டால் ஏற்காதபடி கப்பலைப் பழக்கினேன்.

நாள் 213, 10:25
தென்நிலையத்தின் தொட்டி வெடித்துவிட்டது. அங்கே பதினொரு பேர். அவர்களில் பர்வீன் நிறைமாதம். புயலில் ஆன்டெனா முறிந்ததால் அவர்கள் குரல் எங்கள்வரைதான் எட்டும், கப்பலுக்கு எட்டாது.

துளைக்கும் இடத்திலிருந்து அண்ணாச்சி: “புள்ளத்தாச்சி கெடக்கா. என்ன யோசன? தண்ணி கெடச்சதா சொல்லிரு தாயி.”

10:50
‘ஐ’ என்றேன். கப்பல்: “ஏற்கவில்லை.”
அண்ணாச்சி: “எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரில்லா சொல்லுத! கப்பலே பயந்துரும்.”
சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னேன். “ஏற்கவில்லை.”
குரல் அனுப்பும் மின்கலத்தில் இன்னும் ஒருமுறைக்குத்தான் சக்தி.

நாள் 214, 16:02
கப்பல் வானொலியைத் திறந்துவிட்டேன். வாய் வரவில்லை. என் தண்ணீரையே நினைத்துக்கொண்டிருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.
பக்கத்தில் கேட்கும் பெட்டியில் தென்நிலையத்து மருத்துவர் ஸ்டெல்லா கத்தினாள்: “அக்கா, பொண்ணு! ரெண்டே முக்கால் கிலோ! என்னா கத்து கத்துறா, கேளுங்க!”
கேட்டது.
என்ன சொன்னேன் என்று கப்பல் பதில் சொன்னபோதுதான் தெரிந்தது: “ஏற்கப்பட்டது. தென்நிலையம் நோக்கி.”
மின்கலம் அணைந்தது.

நாள் 221, 13:30
தண்ணீர் அரை டம்ளர். அண்ணாச்சி துளைப்பானை நிறுத்த மாட்டேன் என்கிறார். 61 மீட்டர். கல். கையால் சுற்றுகிறார்.

நாள் 222
அண்ணாச்சியின் தலைக்கவச வானொலியில் பதில் இல்லை. போய்ப் பார்க்க எழ முடியவில்லை.
கேட்கும் பெட்டி மட்டும் வேலை செய்கிறது. ஸ்டெல்லா: “கப்பல் எறங்கிடுச்சுக்கா! ஒங்களுக்குத் தண்ணி கெடச்சதா அதுல பதிவாயிருக்கே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எவ்ளோ ஆழத்துல? குளிச்சீங்களா? அண்ணாச்சிய மொதல்ல குளிக்கச் சொல்லுங்க!”
பிறகு அங்கே எல்லாரும் சிரிக்கிறார்கள்.
இதைக் கண்டெடுப்பவரே, ஸ்டெல்லாவிடம் குளித்தோம் என்று