அந்த இரண்டு நாளை மறைத்துவிட்டேன், அக்கா

என் உயிரான அக்கா,

போன வியாழக்கிழமை வெல்ட் கீ சாலை சிக்னலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தேன். திடீரென்று வலது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், இருட்டுதான். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்குழாய் இரண்டு இடத்தில் உப்பியிருக்கிறதாம். அதில் ஒன்று கண் நரம்பை அழுத்துகிறதாம். நாளைக் காலை ஆபரேஷன். பார்வை திரும்புமா என்று கேட்டேன், டாக்டரம்மா நேராகப் பதில் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது அக்கா. உனக்கும் இப்படித்தான் இருந்ததா?

வீட்டில் வேறு யாருக்காவது வந்ததா என்று கேட்டார். உன்னைச் சொன்னேன். அப்படியென்றால் உன் மகள் ஷாலினிக்கும் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். அவளுக்கு ஒரு வாரமாகத் தலைவலி. ஆனால் வரமாட்டேன் என்கிறாள். பிடிவாதத்தில் உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

"எதுக்கு மாமா? அம்மாவுக்குக் கண்ணு தெரியலன்னு உடனே கொண்டு போனீங்க. என்ன ஆச்சு? தெரிஞ்சிக்கிட்டுப் பயந்து சாகணுமா?"

அப்போது கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தவளிடம், உடனே கொண்டுபோனோம் என்று சொன்னது நான்தானே.

அன்றைக்குத் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருந்தது. ஃபேக்டரியிலிருந்து பாதியில் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"கண்ணு தெரியலடா தம்பி. விரதத்துல ஆஸ்பத்திரிக்குப் போனா தீட்டு. தண்ணிமலை முருகனுக்குப் பால்குடத்தக் கொண்டுபோய்ச் சேத்துட்டுப் போலாம்லா."

பட்டினி மயக்கம்தான் என்று நானும் தலையாட்டினேன். உன் கையைப் பிடித்துச் சாமி அறைக்குக் கூட்டிப்போனேன், கார் சாவியை எடுக்கவில்லை. பூசத்தன்று காலை குளிக்கப் போன இடத்தில் விழுந்தாய். முருகனா உன்னை ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்றான்? நான் ஏன் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை?

இன்று மாலை ஷாலினி எனக்குச் சோறு கொண்டுவருவாள். அந்த இரண்டு நாளையும் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் காட்டாமல் வைத்திருந்துதான் உன்னைப் பறிகொடுத்தோம் என்று சொல்கிறேன். அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடுவாளா தெரியவில்லை. இருக்கிற ஒரு கண்ணில் நான் கடைசியாகப் பார்ப்பது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதாகவே இருக்கட்டும். அவள் ஸ்கேன் அறைக்குள் போகாமல் நான் ஆபரேஷனுக்குப் படுக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னை அன்றைக்கே கூட்டிப்போகாத
உன் தம்பி