செவலையைப் பார்த்துக்கொள்ளும் முறை

மந்தின்,
ஞாயிற்றுக்கிழமை, ஜூலை 1943
(இப்போது ஜப்பான்காரர்கள் எழுதச் சொல்லும் கணக்கில் 2603)

திரு. தங்கராஜு டிரசர் அவர்களுக்கு,

போதுமான காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். என் மனைவி மயிலம்மாளைப் புதைத்துப் பதினொரு மாதம் ஆகிறது. இதற்கிடையில் உங்களை மூன்று முறை சாலையில் பார்த்தேன். மூன்று முறையும் சைக்கிளை விட்டு இறங்காமல் போனேன். நீங்கள் இறங்கி நின்றீர்கள். அதையும் கவனித்தேன்.

உங்கள் ஆஸ்பத்திரிக்கும் என் வீட்டுக்கும் மூன்று மைல்தான். இதற்குத் தபாலா என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையாவது பேசிவிடுவேன். இடையில் பிரித்துப் படிக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை: இதில் ஒரு நாயைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. சயாம் ரயில் பாதை வேலைக்கு எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து குடும்பமில்லாத ஆண்கள் ஆறு பேர் வேண்டுமென்று உத்தரவு. பட்டியல் எழுத வேண்டியவன் கிராணியாகிய நான். ஐந்து பேர் கிடைத்தார்கள். காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, ஆறாவது பெயருக்காக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி சும்மா இருக்கவில்லை. "என்னா கிராணியாரே, பேனா நின்னு போச்சா? ஒங்களுக்கு மட்டும் யாரு இருக்கா லா? அந்தச் சொறிநாயிதானே!" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் என் முன்னால் தலை நிமிராத ஆட்கள். அவன் சொன்னதில் பிழையில்லை. நாயைக் குடும்பமென்று எழுதப் பட்டியலில் இடம் கிடையாது. என் பெயரையே எழுதினேன். இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நேரத்தில் முனியாண்டியின் முகம் போகும் போக்கைப் பார்ப்பதற்காகவே எழுதினேன். இப்போது அழிக்க முடியாது.

ஆகவே செவலையை ஓரிடத்தில் விட வேண்டும். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் விட முடியாது. மனிதர்களே மரவள்ளிக் கிழங்கில் உயிரைப் பிடித்துவைத்திருக்கும்போது அடுத்தவன் நாய்க்கு யார் சோறு போடுவார்கள்? இரண்டு நாள் விரட்டுவார்கள், மூன்றாம் நாள் கல்லெறிவார்கள். உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. இந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

நீங்கள் வைத்தியம் படித்தவர். இருந்தாலும் கீழே சொல்வது மயிலம்மாளின் முறை. அதை மாற்ற வேண்டாம். சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்த நான், அவள் இலை தழை அரைப்பதைப் பார்த்துச் சிரித்தவன். ஒரு நாள், "நாயிக்கு இங்கிலீசு தெரியாதுங்க, எல தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

கிழங்கு கொடுத்தால் தோலை முழுக்கச் சீவி, ஊறவைத்து, வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நமக்கு ஆகாத கசப்பு அதற்கும் ஆகாது. கருவாட்டுத் தலை கிடைத்தால் உப்புப் போக இரண்டு தண்ணீர் மாற்றி, முள் குத்தாதபடி நசுக்கிப் போடுங்கள். மாதம் ஒரு முறை பூசணி விதையை வறுக்காமல் இடித்துக் கிழங்கோடு பிசைந்து வைத்தால் வயிற்றுப் பூச்சி இறங்கும். வயிறு சரியில்லையென்றால் அதுவே வேலியோரம் போய் அருகம்புல்லைக் கடித்துக் கக்கிவிடும். பதறி ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள். நான் பிடுங்கித் திட்டு வாங்கியிருக்கிறேன். குளிப்பாட்டுவது வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறிய தண்ணீரில், வெயில் ஏறிய பிறகு. ஈரத்தோடு நிழலில் படுக்க விடக்கூடாது. விரல் இடுக்குகளில் உண்ணி பார்க்க வேண்டும். தினமும் ஒரு மைலாவது நடக்க வேண்டும். என்னோடு பெரட்டுக்கு வந்து பழகியது. விடிந்ததும் கதவைப் பிராண்டும்.

இத்தனை தெரிந்தவன் ஏன் அதைச் சொறியோடு விட்டான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். மயிலம்மாள் போன பின், இலையைத் தேடி அரைத்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டில் தண்ணீர் கலந்து தடவினால் சொறி ஒரே நாளில் போகுமென்று லயத்தில் சொல்வார்கள். ஸ்டோரில் ஒரு போத்தலில் மிச்சம் இருந்தது. எடுத்துவந்து தடவினேன். எத்தனை பங்கு தண்ணீர் என்று படித்த திமிரில் நானே முடிவு செய்தேன். அது கத்திய சத்தத்துக்கு அடுத்த லயத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முதுகில் என் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்துவிட்டது. அன்றைக்கு வேலி தாண்டி ஓடியது, நான்கு நாள் வரவில்லை.

ஐந்தாம் நாள் வந்தது. புண்ணைக் கழுவி, குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசி, நக்காமலிருக்க ஆஸ்பத்திரிப் போர்வைக் கிழிசலால் கட்டியிருந்தது. அந்த முடிச்சை வேறு யாரும் போட மாட்டார்கள். மயிலம்மாள் மருந்துக்கு வரும்போதெல்லாம் கூடவே வந்து உங்கள் வாசலில் படுத்துக் கிடந்த நாய்க்கு, ஆபத்தில் போக அந்த இடம்தான் தெரிந்திருக்கிறது. பிறகும் நான்கைந்து முறை உங்களிடம் வந்து போனது. ஒவ்வொரு முறையும் கட்டு புதிதாக இருந்தது. நானும் பார்க்காதது போல இருந்தேன். இப்போது அந்த இடத்தில் முடி முளைத்துவிட்டது.

மயிலம்மாளுக்குக் காய்ச்சல் கண்ட நான்காம் நாள் உங்கள் முன்னால் வந்து நின்றேன். காய்ச்சலுக்கான கொயினா இல்லையென்றீர்கள். "சத்தியமா இல்ல கிராணியாரே, அலமாரியத் தொறந்து நீங்களே பாருங்க" என்றீர்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காமலே உங்களைப் பொய்யன் என்று முடிவு கட்டினேன். புதிய எஜமானர்களுக்காக ஒளித்துவைத்திருக்கிறீர்கள் என்று லயம் முழுக்கச் சொன்னேன். ஆட்கள் உங்களிடம் வருவதை நிறுத்தியதற்குக் காரணம் நான்தான். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் கட்டை முதல் முறை அவிழ்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. உங்களிடம் ஒரு சொட்டு அயோடினோ, விரல் நுனியளவு களிம்போ இருந்திருந்தால், நாய்க்காகக் குப்பைமேனி தேடிக் குனிந்திருக்க மாட்டீர்கள். தோன்றியது என்றுதான் எழுதுகிறேன். பதினொரு மாதம் ஒருவர் மேல் வைத்திருந்த கோபத்தை ஒரு துணிக் கிழிசலைப் பார்த்து விட்டுவிட என்னால் முடியவில்லை. அந்தக் கோபமும் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் இதை விடக்கூடாது. செவலை தனியாகச் சாப்பிடாது. தட்டை வைத்துவிட்டு உள்ளே போனால் முகர்ந்துகூடப் பார்க்காது. பக்கத்தில் உட்கார்ந்து நாமும் எதையாவது மெல்ல வேண்டும். மயிலம்மாள் போன பின் நான் சமைக்காமல் கிடந்தேன். அது விலா எலும்பு தெரிய இளைத்தது. கடைசியில் அதைச் சாப்பிட வைப்பதற்காக நான் சாப்பிட ஆரம்பித்தேன். மருந்தெல்லாம் அதற்குப் பிறகுதான் அதன் உடம்பில் பிடித்தது.

லாரிக்குப் பின்னால் ஓடி வந்துவிடும் என்பதால் வியாழக்கிழமை மாலையே கூட்டிவந்து உங்கள் வேலிக் கதவில் கட்டிவிட்டுப் போவேன். நீங்கள் வெளியே வர வேண்டாம். நான் திரும்பி நடந்ததும் அழும். வளைவில் நான் மறையும் வரை பொறுங்கள். பிறகு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். திரும்பி வந்தால் அழைத்துக்கொள்வேன். வராவிட்டால் அது உங்கள் நாய்.

நீங்களும் உங்கள் வீட்டாரும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். இதை மரியாதைக்காக எழுதவில்லை.

முடிக்கும் இடத்துக்கு வந்து அரை மணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 'அன்புள்ள' என்று எழுதினால் பொய். வேறெதை எழுதினாலும் இப்போது அதுவும் பொய்யாகத்தான் தெரிகிறது. என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். பெயர் போடாமலே நாளைக் காலை மந்தினில் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.