பதினேழாவது கேள்வி

இன்று அலமாரியைத் திறந்ததும் நெத்திலிக் கருவாட்டு வாடை முகத்தில் அடித்தது. பல்கலைக்கழகத்து அலமாரிக்குக் கருவாடு எப்படி வரும்? உன் கருவாட்டுக் கடையில் நீ பத்திரப்படுத்திக் கொடுத்த பழைய படிவக் கட்டுதான். நாளைய கூட்டத்தில் பதினேழாவது கேள்வியைத் திரும்பவும் சேர்க்கச் சொல்லப் போகிறார்கள். கட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

காப்பகத்திலும் வளர்ப்பு வீடுகளிலும் இருந்துவிட்டுத் தத்துப் போன பெரிய பிள்ளைகள் புது வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய, பல்கலைக்கழகம் என்னையும் ஊர்க்குழு உன்னையும் சேர்த்து அனுப்பியது. திரேஸ்புரத்துக் கடற்கரைத் தெருக்களில் நீ ஏறாத வாசல் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் படிவம்தான்.

மெர்லினுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டு வளர்ப்பு வீடுகள் மாறி, தத்து வந்த வீடு அது. பதினாறு கேள்விக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். பதினேழாவதைப் படித்தேன்: ‘இந்த வீட்டில் தொடர்ந்து இருக்க விரும்புகிறாயா?’ "ஆமா" என்றாள். டிக் போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அவள் முகத்தை நீதான் பார்த்தாய்.

அன்று மூன்று மணிக்கு அவள் அம்மா உன் கடைக்கு ஓடிவந்தாள். பிள்ளையைக் காணோம். புத்தகங்களைக் கட்டிலில் கொட்டிவிட்டு, பையில் இரண்டு உடுப்போடு போயிருந்தாள். மாதா கோயிலில் இல்லை, பஸ் நிறுத்தத்தில் இல்லை. நீ கடையை அப்படியே போட்டுவிட்டுக் கரைப்பக்கம் நடக்க, நான் பின்னாலேயே ஓடிவந்தேன்.

கரையேற்றிப் போட்டிருந்த வள்ளங்களுக்குப் பின்னால், பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"கூட்டிட்டுப் போகத்தான வந்திருக்கீங்க? போன வீட்லயும் இப்படித்தான் கேட்டாங்க. மறுநாளு கார் வந்துச்சு. அம்மா முன்னால வேண்டாம், இங்கன இருந்தே போயிருவோம்."

அதுவரை என்னை நீ ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவாய். அன்று, "ஏளா, பெத்த பிள்ளைட்ட இப்படிக் கேப்பியா?" என்றாய்.

"எல்லாப் படிவத்துலயும் உள்ள கேள்விதான்" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

மெர்லினை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தோம். அந்தக் கேள்வியை எடுத்தால்தான் இனி வருவேன் என்று அடுத்த கூட்டத்தில் நீ ஒற்றைக்காலில் நின்றாய். மற்ற ஊர்களோடு ஒப்பிட அது வேண்டும் என்றார்கள் பல்கலைக்கழகத்தார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கேள்வி போனது உன் பிடிவாதத்தால்தான். வெளியே வந்ததும் சொன்னாய்: "இனிமே வாசல்லயே சொல்லிரணும், யாரையும் கூட்டிட்டுப் போக வரலன்னு. அப்புறம்தான் செருப்பக் கழத்தணும்." இன்றும் ஒவ்வொரு வாசலிலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோது, உள்ளே வரத் தைரியமில்லாமல் கதவருகே நின்றேன். மூக்கில் குழாயோடு நீ, "ஏளா, யாரையும் கூட்டிட்டுப் போக வரலன்னு சொல்லிட்டு உள்ள வா" என்றாய். சொன்னேன். சிரித்தாய். நான்கு நாள்கூட அந்த வார்த்தை நிற்கவில்லை; சாவு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நாளை உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். பேச வேண்டியவள் நான் ஒருத்திதான். தண்ணீர் பாட்டிலை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். உன் படிவக் கட்டை மட்டும் எடுத்துப் போய் மேசை நடுவில் பிரித்து வைப்பேன். கூட்ட அறை முழுக்கக் கருவாடு நாறட்டும்.