சட்டைக்குள் ஒரு வாத்து

விஸ்வநத்தம்,
புரட்டாசி வெள்ளி.

அன்புள்ள மாமாவுக்கு,

அருணாதேவி எழுதுவது. அத்தையும் நம் மகள் யோகேஸ்வரியும் நானும் நலம். போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் வந்தால் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்கள். இது அவர்கள் காதில் விழக்கூடாது. வேலுச்சாமி அண்ணன் குவைத்துக்குத் திரும்புவதால் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே சாத்தூர் சேவு இருக்கிறது. அறையில் உள்ளவர்களுக்கும் கொடுங்கள்.

இங்கே மழையே இல்லை. தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை. நாலு பேருக்கான அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறோம். போன வாரம் ஃபோர்மேன் என்னை வெடிமருந்து கலக்கும் அறைக்கு மாற்றிவிட்டார். முடியாது என்றால் நாளையிலிருந்து வராதே என்கிறார். கோபப்படாதீர்கள். வெயில் ஏற ஏறத் தரை கொதிக்கிறது. அந்த அறையில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஆடியில் பக்கத்துக் கம்பெனியில் வெடித்து சுப்புத்தாய் அக்கா போனார்களே, அன்று ஆஸ்பத்திரியில் யார் யாரென்றே தெரியவில்லை. உரசிப் பொறி வரக்கூடாது என்று வளையல், மெட்டி எல்லாம் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். சேலைக்கு மேல் போடும் சட்டையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. ஒரே உடம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு வீட்டார் அழுதார்கள். கடைசியில் காலருக்குள் அக்கா வைத்துத் தைத்திருந்த ஒட்டுத் துணியைப் பார்த்துத்தான் அவர் மகன் அடையாளம் சொன்னான்.

அதிலிருந்து நாங்கள் வேலைச் சட்டையை வீட்டிலேயே தைத்து, காலருக்கு உள்பக்கம் ஆளுக்கொரு பூவேலை செய்துகொள்கிறோம். நைலான் நூலும் உரசினால் பொறி கிளப்பும், ஆகாது; பருத்தி நூல்தான். பாலம்மாள் மயில் போட்டுவிட்டு, நீ என்ன போடப் போறே என்று கேட்டாள்.

எனக்கு ரோஜாவும் வரும், கொடியும் வரும். அதெல்லாம் எல்லோரும் போடுவது. கல்யாணமான புதிதில் தலையணை உறையில் நான் போட்ட வாத்தைப் பார்த்து, கத்திரிக்காய்க்குக் கால் முளைச்சிருக்கு என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்களே, அதையே போட்டிருக்கிறேன். அம்புட்டு மோசமான வாத்தை வேறு எவளாலும் போட முடியாது.

யோகேஸ்வரி அதைப் பார்த்துவிட்டு, தன் பாவாடையிலும் அதே வாத்தைப் போடச் சொல்லி ஒரே அடம். முதுகில் ஓர் அடி வைத்துவிட்டேன். பிறகு நானே தடவிக்கொடுத்தேன். அவள் கேட்டால் எதை வேண்டுமானாலும் தைத்துத் தருவேன் மாமா, இதை மட்டும் மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தைக்குப் பார்வை போதாது. அடையாளம் காட்டப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூட்டிப்போகக் கூடாது. என் தம்பி அழகுராஜாவிடம் இப்போதே சொன்னால் கம்பெனி வாசலில் சண்டைக்கு நிற்பான். அதனால் அதே துணியில், அதே நூலில் இன்னொரு வாத்து போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு மிஸ்டுகால் கொடுக்கிறேன். வராத அன்று படத்தைத் தம்பிக்கு அனுப்பி, காலருக்குள் பார்க்கச் சொல்லுங்கள்.

தீபாவளி முடிந்ததும் சட்டையில் உள்ளதை நானே பிரித்துவிடுவேன். வெயிலில் தலைக்குத் துண்டு கட்டாமல் வேலைக்குப் போகாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அந்த வாத்தைப் பார்த்து முன்புபோலவே சிரியுங்கள் மாமா. அதற்கு மட்டும்தான் அது உங்களுக்குப் பயன்பட வேண்டும்.

உங்கள்,
அருணாதேவி