இரத்தப் பொருத்தம்

மார்ச் 6, 2016 - வெள்ளவத்தை

இரத்தினம்மா வந்துபோனார். என் மகள் நிரோஜினியைத் தன் மகனுக்குக் கேட்டவர். சாதகம் பொருந்திவிட்டது. இவளுக்கும் செவ்வாய்க்குற்றம், அவனுக்கும் செவ்வாய்க்குற்றம். குற்றத்துக்குக் குற்றம் சரி. தேத்தண்ணீர் குடித்து முடித்தபின் மெல்லத் தொடங்கினார். மகன் தலசீமியா என்கிற இரத்த வருத்தத்துக்குக் காவியாம், இங்கிலீசில 'கரியர்'.

"அவனுக்கு வருத்தம் ஒண்டும் இல்லை அக்கா, இரத்தத்தில அந்தக் கூறு இருக்கு, அவ்வளவுதான். உங்கட மகளுக்கும் ஒருக்காச் சோதிச்சால் நல்லம்."

என் பிள்ளை என்ன, பல்லுப் பார்த்து வாங்குகிற மாடா? "எங்கட பரம்பரையில ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிச் சாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 9

சம்பந்தம் பேசுகிற மயிலம்மா, ஏன் குழம்பியது என்று கேட்டார். "அந்த வீட்டு இரத்தமே பழுது" என்றேன். மயிலம்மாவிடம் சொன்னால் கொச்சிக்கடை வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன்.

மார்ச் 27

இரத்தினம்மாவின் மகள் அனுஷியாவுக்குக் கல்கிசையில் பேசியிருந்த இடம் பின்வாங்கிவிட்டதாம். இரத்தம் பழுதாம்.

ஏப்ரல் 5

நிரோஜினி எனக்குச் சொல்லாமலே போய்ச் சோதித்திருக்கிறாள். அவளும் காவி.

"அப்பா இல்லை. நீங்களாவது வந்து இரத்தம் குடுங்கோ. எங்கயிருந்து வந்ததெண்டு பாப்பம்."

ஏப்ரல் 18

என்னிடமிருந்துதான். ஐம்பத்தெட்டு வருடம் இதே இரத்தத்தோடுதான் வங்கி வேலைக்குப் போனேன், பிள்ளை பெற்றேன். ஒரு தலையிடி கூட இல்லை.

எங்கட பரம்பரையில ஒரு குறையும் இல்லையாம் - என்ர வாயை என்ன செய்ய!

ஏப்ரல் 19

இதை எழுதக் கை கூசுகிறது. விடிய எழும்பும்போது ஒரு யோசனை. இரண்டு பேருக்கும் இருந்தால், செவ்வாய் மாதிரிச் சரிதானே? சந்தோஷம் தாங்காமல் இரத்தினம்மாவுக்கு போன் எடுத்து, "இப்ப எல்லாம் பொருந்துது" என்றேன்.

இரத்தினம்மா பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"இது சாதகம் இல்லை அக்கா. ஒருத்தருக்கு இருந்தால் பயமில்லை. ரெண்டு பேருக்கும் இருந்தால்தான் பிறக்கிற பிள்ளைக்கு வருத்தம் வரலாம். மாதாமாதம் இரத்தம் ஏத்தவேணும். அதுக்குத்தான் அண்டைக்குக் கேட்டனான்."

ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை. அனுஷியாவைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பக்கத்தில் நின்ற நிரோஜினி, "நீங்கள் உண்மையா வங்கியில வேலை செய்தனீங்களோ அம்மா?" என்றாள். பிறகு அறைக்குள் போய் அழுதாள். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது.

ஏப்ரல் 24

பஸ் தரிப்பில் அனுஷியா. என்னைக் கண்டு சிரித்தாள். நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன். சீ.

மே 1

கல்கிசைக்குப் போனேன். அனுஷியாவுக்குப் பேசிய பெடியனின் தாய்க்கு முன்னால் என் ரிப்போர்ட்டை வைத்தேன். "பழுதெண்டு ஒண்டும் இல்லை. எனக்கும் இருக்கு. உங்கட மகனையும் அந்தப் பிள்ளையையும் சோதியுங்கோ. ஒருத்தருக்கு மட்டும் இருந்தால் பயமில்லை" என்றேன். கதையைக் கட்டியது நான்தான் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது நிலத்தைத்தான் பார்த்தேன்.

"இது வெளியில தெரிஞ்சால் உங்கட மகளை ஆர் எடுப்பினம்?"

"அவள்தான் போய்ச் சொல்லச் சொன்னவள்."

அவர் தண்ணீர் கூடத் தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

செப்டெம்பர் 4

இன்று அனுஷியாவுக்குக் கல்யாணம். அதே கல்கிசை இடம்தான். மயிலம்மா பட்டுச்சேலையோடு போகிற வழியில் எட்டிப் பார்த்தார்.

"நீங்கள் வெளிக்கிடேல்லையோ?"

"எங்களுக்குச் சொல்லேல்லை."

"ஏன்?"

அந்த வீட்டைப் பற்றி நான் சொன்னது பொய் என்றேன். அந்த இரத்தம் எனக்கும் என் மகளுக்கும் இருக்கிறது என்றேன். மயிலம்மாவிடம் சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன்.